பதினெட்டாவது நிமிடத்துக்குப் பிறகு

உன் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். மின்சாரத்திலிருந்து பிரித்து வெகு நேரமாகிவிட்டது. ஆனாலும் சூடேறிய தூசியின் வாசனை இன்னும் அதிலிருந்து வருகிறது. சனிக்கிழமைப் பிற்பகல்களில் கிள்ளானில் உன் வீட்டு உள்ளறை முழுக்க இதே வாசனைதான் இருக்கும்.

போன திங்கள்கிழமை இது தட்டத் தொடங்கியது. காலையில் கம்ப்யூட்டர் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுழன்றது, பிறகு உள்ளே யாரோ நகத்தால் தட்டுவது போல டிக், டிக், டிக். மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீசின் கம்ப்யூட்டர் அறையில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும், அன்றைக்கு நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தேன். நீ என் வீட்டுக் கதவைத் தட்டுவதும் மூன்று தட்டுதான். வெளியே நடைபாதையில் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு மட்டும் கிடந்தது. வேறு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் அப்புறம் நம்புவாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு உன் வீட்டுக்காரி ரோஸ்லின்தான் இந்தப் பெட்டியை எடுத்துப் போகச் சொன்னாள். "நீங்களே வெச்சுக்குங்கண்ணே. அது ஓடினா அவரு உள்ளறையில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. ஓடலன்னா அதவிட மோசமா இருக்கு" என்றாள். டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து என் சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தது. யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. ஆனாலும் தினமும் காலையில் போட்டேன், சாயங்காலம் அணைத்தேன்.

இதைப் பெட்டி என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். "சர்வர்னு சொல்லு லா" என்பாய். எங்கள் ஆபீசில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் அது. நான் கொண்டுவந்து கொடுத்த ஒரே வாரத்தில் உள்ளறையிலிருந்து மகள்களின் அறை வரை சுவரோரமாகக் கம்பி இழுத்து, கிளிப் அடித்து, அங்கிருந்த கம்ப்யூட்டரோடு இணைத்துவிட்டாய். ரயில்வேயில் சிக்னல் கம்பி பார்த்த கை அல்லவா! பிள்ளைகளின் பள்ளிப் பாடம், உன் கல்யாணப் போட்டோ, கோயில் பாடகர் குழு பாடிய பாட்டு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்க, யார் எந்த அறையிலிருந்தும் எடுத்துப் பார்க்கலாம். "வீட்டுக்கு ஒரே அலமாரி, யாரும் பூட்ட வேணாம்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தாய். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு டிவி எங்கே என்று கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை இம்பி பக்கம் போனேன். நாம் இரண்டு பேரும் அலைந்த அதே கம்ப்யூட்டர் கடைகள். விலைப்பட்டியல் தாளைப் பார்த்திருந்தால் நீ அங்கேயே ஆடியிருப்பாய். எட்டு கிகா டிஸ்க், பத்து கிகா, பதின்மூன்று கிகா. நமது பழைய மதர்போர்டுக்கு எட்டுக்கு மேல் கண் தெரியாது என்பதால் போர்டையும் மாற்ற வேண்டும். போர்டை மாற்றினால் மெமரி பொருந்துமா, பழைய சவுண்ட் கார்டு வேலை செய்யுமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைக்காரச் சீனப் பெண்மணி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "நாக் சிம்பான் அப்பா, அங்கிள்?" என்று மலாயில் கேட்டார். எதைப் பத்திரப்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்கிறார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.  ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

உன் சட்டைப்பையில் எப்போதும் இருந்த அந்த நாட்காட்டித் தாள் ஞாபகம் இருக்கிறதா? பின்பக்கம் நடுவில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் உன் பட்டியல், அந்தப் பக்கம் என் பட்டியல். என்னுடையதில் மெமரி, சிடி எழுதும் டிரைவ், இடி மின்னலில் எரிந்து போகாமல் இருக்க ஒரு காப்புப் பெட்டி. உன்னுடையதில் மூன்றே வரி. பெரிய டிஸ்க். பெரிய டிஸ்க். அதற்கு ஜோடியாக இன்னொரு பெரிய டிஸ்க். ரோஸ்லின் கொடுத்த பட்ஜெட்டில் ஒரு பக்கம்தான் நடக்கும்.

"கேசட்ட டிஸ்க்குல ஏத்தினா ஒரு நிமிஷத்துக்குப் பத்து எம்பி ஆகுது. நீ சொல்ற மாதிரி எல்லாத்தையும் முழுசா வெச்சா எவ்வளவு டிஸ்க் வாங்கினாலும் பத்தாது. பேச்ச மட்டும் வெச்சுக்கிட்டு நடுவுல சும்மா இருக்கிறத வெட்டிரலாம்" என்றேன் நான்.

"இடம் இருந்தா எதுக்கு வெட்டணும்?" என்றாய் நீ.

"சும்மா இருக்கிறதுல என்ன இருக்கு?"

"தெரியல. அதுக்குத்தான் வெட்ட வேணாங்கிறேன்."

நான் படித்தவன், கம்ப்யூட்டர்காரன். உன்னைப் பேசவிடாமல் பேசியே ஜெயித்தேன். மெமரியும் சிடி டிரைவும் வாங்கினோம். பழைய இரண்டு கிகா டிஸ்க் அப்படியே இருந்தது. இடம் பற்றாது என்பதால், பதிவு செய்யும் புரோகிராமில் பத்து நொடி சத்தம் இல்லாவிட்டால் தானாக நின்றுவிடும்படி நானே அமைத்துக் கொடுத்தேன். அதைச் செய்துகொண்டிருந்தபோது நீ நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு இந்த சர்வரே ஒரு கேசட்டுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்தக் கேசட்டின் கதை நம் இரண்டு பேருக்கும்தான் முழுதாகத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் உன் அக்கா நர்ஸ் படிப்புக்கு லண்டன் போனார். உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. ஆகவே கேசட். அக்கா ஒரு பக்கம் முழுக்கப் பேசி அனுப்புவார், அம்மா அதைக் கேட்டுவிட்டு அதே கேசட்டில், அதே பக்கத்தில், அக்கா பேசியதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். புது கேசட் வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை கேட்டேன். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பாத வீடு உன் வீடு. கொஞ்சம் சீனியாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுத்து அனுப்புவார். கேசட்டும் அவருக்கு அப்படித்தான். வந்ததைச் சாப்பிட்டாயிற்று, கழுவினாயிற்று, நம்முடையதைப் போட்டு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் மகளின் குரலைத் தன் குரலால் அழித்தோம் என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. நாமும் நினைக்கவில்லை.

பிறகு அந்தத் தந்தி வந்தது. மூளைக்காய்ச்சல், நான்கு நாளில் எல்லாம் முடிந்தது. இங்கிருந்து யாராலும் போக முடியவில்லை, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தந்தி வந்து எட்டாம் நாள் தபாலில் கேசட் வந்தது. காய்ச்சலுக்கு முன்பே அக்கா அனுப்பியது. நான் உன் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அக்காவின் குரல் அரை மணி நேரம் விடாமல் பேசியது. வார்த்தைகள் எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் ஒரு தடவை சிரித்தது மட்டும் கேட்டது. எதிர் வீட்டு அம்மா துணி காயப்போட வந்தவர், அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மறுநாள் உன் அம்மா ரெக்கார்டரைத் துடைத்து முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். "பதில் போடணும்ல" என்றாராம். தடுக்க உன்னால் முடியவில்லை. பேசி முடித்ததும் தபாலில் சேர்க்கச் சொல்லி உன்னிடம் கொடுத்தார். எங்கே அனுப்புவாய் நீ? ஒரு மாதம் உன் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய். அப்புறம் அவரே வாங்கி, அக்காவின் போட்டோவோடு ஜெபமாலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாகும்வரை யாரையும் தொடவிடவில்லை. அவர் போய் உன் கைக்கு வந்தபோது இருபது வருஷத்துப் பூசணம் டேப்பில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"ஒரு தடவைதான் ஓடும். ஓடும்போதே புடிச்சிரணும்" என்றாய்.

அந்தச் சனிக்கிழமை மேகம் கட்டிக்கொண்டு வந்தது. இடி நெருங்குவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டேப்பைத் துடைத்து, கேசட்டைப் போட்டேன். கொஞ்சம் கரகரப்பு. அப்புறம் உன் அம்மா அறைக்குள் வந்தார். வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மகளே, அம்மா பேசறேன். உன் கேசட்டு கெடச்சுது. குளிருக்கு ரெண்டு காலுறையா போட்டுக்க. இங்க ஒரு தந்தி வந்துச்சு. நாங்க அத நம்பல."

நீ எழுந்து பின்பக்கம் போய்விட்டாய். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நான் திரையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருந்தேன். பதினெட்டாவது நிமிடத்தில், "சரி மகளே, மத்தத அடுத்ததுல பேசறேன்" என்றார். பிறகு ஒன்றும் இல்லை. பத்து நொடி. புரோகிராம் தானாக நின்றது. வெளியே முதல் இடி விழுந்தது. நான் பிளேயரையும் நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கினேன்.

முகம் ஈரமாக வந்தாய். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கப்புறம்?"

"வெறும் எரச்சல் லா."

கேட்காமலே சொன்னேன். ஒரு நொடிகூடக் கேட்கவில்லை. நீ என்னை நம்பினாய். "பூசணம் தின்னுருச்சு போல" என்று நீயே எனக்கு ஒரு காரணத்தையும் எடுத்துக் கொடுத்தாய். இந்தப் பூசணம் மற்ற கேசட்டுகளுக்கும் பரவும் என்று சொல்லி, அதைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆபீசில் எறிந்துவிடுவதாக ஏற்பாடு.

இரண்டு வாரம் கழித்து ஆபீசுக்குப் போன் செய்தாய்.

"அந்த ஃபைல் பதினெட்டு நிமிஷந்தான் இருக்கு. டேப்பு ஒரு பக்கம் அரை மணி நேரம்."

"அதான் சொன்னேனே."

"அக்கா பேசினது மிச்சம் இருக்கு. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும் லா. கேசட்ட எடுத்துட்டு வா, இன்னொரு தடவ ஓட்டிப் பாக்கலாம்."

அந்தப் பை என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது என் முழங்கால் அந்த இழுப்பறையில்தான் இடித்துக்கொண்டிருந்தது. "தூக்கிப் போட்டாச்சு. போன வாரமே குப்ப லோரி வந்து எடுத்துட்டுப் போயிருச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன்? ஏழு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணம் ஏதாவது இருந்தால்கூடத் தேவலாம். இல்லை. எடுத்து வந்து ஓட்டி, அதில் ஏதாவது இருந்துவிட்டால், உன் பட்டியல் சரி, என் பட்டியல் தப்பு என்று ஆகிவிடும். அவ்வளவுதான். சிறு வயதிலிருந்து எதிலும் உன்னிடம் தோற்றுப் பழக்கமில்லாத திமிர். நானே தனியாக ஓட்டிப் பார்க்கலாம், இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. ஓட்டிப் பார்க்கவில்லை. வேலை இருந்தது என்று இப்போது எழுதக் கை கூசுகிறது.

 அந்தப் போனில் நீ, "சரி, விடு" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை என் வீட்டுக்கு வந்தாய். மூன்று தட்டு. காப்பி குடித்தாய். மகள்களின் பரீட்சை பற்றிப் பேசினாய். கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாய், இரண்டு தடவையும். நான் இல்லை என்றேன். ஏழாவது வாரம், கிள்ளான் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் வேலைக்குப் போகக் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலுக்குக் காத்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நாலு வயசு ஒரு வயசா!

இம்பியிலிருந்து வெறுங்கையோடு வந்த மறுநாள், ஆபீசில் அந்த இழுப்பறையைத் திறந்தேன். பை அப்படியே இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கேசட்டை மறுபடி துடைத்து, என் பிளேயரில் போட்டேன். உன் அம்மா காலுறையைப் பற்றிச் சொன்னார். தந்தியை நம்பவில்லை என்றார். பதினெட்டாவது நிமிடத்தில் அடுத்ததில் பேசுவதாகச் சொல்லி முடித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அமைதி என்று நான் சொன்னது அமைதி இல்லை. தகரக் கூரையில் மழைத்தூறல். தூரத்தில் யார்டில் ரயில் பெட்டிகள் கோக்கிற சத்தம். கடிகாரம். இப்படி மூன்று நிமிடம் போனது. அப்புறம் நாற்காலி நகர்ந்தது. ஒரு குரல். இருபது வயசுக் குரல், மூக்கடைத்துக்கொண்டு, மெல்ல.

"அம்மா, பேசி முடிச்சிட்டியா? நிறுத்தட்டுமா? நிறுத்தினா அக்கா பேசினது கொஞ்சம் மிஞ்சும்மா."

நீ.  ரெக்கார்டரை நீ நிறுத்தியது டொக்கென்று கேட்டது. அடுத்த நொடியே உன் அக்கா, ஒரு வார்த்தையின் நடுவிலிருந்து பேசத் தொடங்கினார். குளிரில் கை வெடித்ததைச் சொன்னார். கொண்டுபோன மிளகாய்ச் சம்பல் தீர்ந்துபோனதைச் சொன்னார். "தம்பிக்கிட்ட சொல்லுங்கம்மா, சம்பளம் வந்ததும் புது கேசட்டு ரெண்டு வாங்கி அனுப்பறேன். உங்க பேச்ச அழிச்சுட்டுப் பேச எனக்கு மனசே வரல" என்றார். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துவிட்டுச் சிரித்தார். நான் வாசல் படியில் கேட்ட சிரிப்பு. டேப் முடிந்தது. எட்டு நிமிடம். நீ கேட்டது இந்த எட்டு நிமிடம்தான்.

எப்படித் தெரியும் என்று உன்னைக் கேட்டேனே. நிறுத்தியதே நீதான். அதைக்கூட நீ எனக்கு எடுத்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை திரும்பவும் கடைக்குப் போனேன். பதின்மூன்று கிகா. அதற்கு ஜோடியாக இன்னொன்று. ஒன்று போனாலும் மற்றதில் இருக்கும். இரண்டுக்கும் பொருத்தமான போர்டு. உன் பட்டியல், வரிக்கு வரி. பழைய டிஸ்க் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. தானாக நிறுத்தும் வசதியை எடுத்துவிட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓட்டினேன். நீ சொன்னது போல ஒரு தடவைதான் ஓடும் என்று பயந்தேன். ஓடியது. முப்பது நிமிடம், ஒரு நொடி வெட்டவில்லை.

நேற்று மத்தியானம் பெட்டியைக் கிள்ளானுக்குக் கொண்டுபோய் உள்ளறையில் பழைய இடத்திலேயே வைத்தேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். ஓட்டிக் காட்டுவதற்கு முன் ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையை, குப்பை லோரியை, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள். "'அவன் எதையும் தூக்கிப் போடற ஆளு இல்ல, மேசையில எங்கயாவது வெச்சிருப்பான். நாம அதட்டினா வீம்பு புடிப்பான். ஒரு நாளு அவனே எடுத்துட்டு வருவான்'னு சொன்னாரு. உங்க வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தாரே, ரெண்டு தடவையும் வெறுங்கையோட திரும்பி வந்தாரு."

முழுவதையும் கேட்டாள். அக்காவின் குரலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும், "அந்த சும்மா இருக்கிற எடத்த மட்டும் திரும்பப் போடுங்கண்ணே" என்றாள். போட்டேன். மழைத்தூறல், ரயில் பெட்டி, கடிகாரம், நாற்காலி, நீ. மறுபடி போடச் சொன்னாள். நான்காவது தடவை நான் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

பெட்டி இனி அங்கேயே இருக்கும். உன் குரல் இந்த உலகத்தில் வேறு எங்கும் பதிவாகவில்லை என்று ரோஸ்லின் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன், உண்மைதான். எல்லோருடைய குரலையும் சேர்த்து வைத்தவன் நீ. நீ பேசியது அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, நான் வெட்டச் சொன்ன இடத்தில்.

இந்தச் சில நாளாக எந்தக் கேசட் முடிந்தாலும் நான் உடனே எழுந்து நிறுத்துவதில்லை. ஆபீசில் போன் பேசி முடித்தாலும், எதிரில் இருப்பவர் வைத்த பிறகு கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அன்றைக்கு நீ "சரி, விடு" என்று சொன்ன பிறகு, போனை முதலில் வைத்தவன் நான்.